முஸல்லாவுக்குள் சுருட்டிய துவக்கு

எங்கள் வீட்டுத் துவக்கைக் களவெடுத்தவள்தான் எனக்கு மோதிரம் போட்டவள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டில் நடக்கவில்லை.

கண்டிக்குப் பக்கத்து அக்குறணையில் கடைவீதியை விட்டு மேலே ஏறும் சாய்வில் எங்கள் வீடு. வாப்பாவுக்குக் கீழே ஹார்ட்வெயார் கடை. வீட்டுக்கு மேற்புறம் மிளகும் கராம்பும் தென்னையுமாக ஒரு தோட்டம். காட்டுப்பன்றி வரும், முள்ளம்பன்றி வரும், குரங்குகள் பட்டாளமாக வந்து குரும்பையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போகும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று முறைப்படி அனுமதிப்பத்திரம் எடுத்த ஒற்றைக் குழல் துவக்கு ஒன்று வாப்பாவிடம் இருந்தது. அதைக் கொண்டு அவர் சுட்டது பெரும்பாலும் வானத்தைத்தான். தப்பித் தவறி ஒரு பன்றி விழுந்துவிட்டால் அதன் பக்கமே போக மாட்டார். கீழ்ப் பக்கத்துச் சிங்கள ஆட்களுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அவர்கள் வந்து தூக்கிக்கொண்டு போகும்வரை யன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்.

ஆனாலும் அந்தத் துவக்கு அவருக்குப் பெருமை. அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கக் கண்டியில் அரசாங்கக் கச்சேரிக்குப் போகும் நாளில் பெருநாள் சேர்ட்டைப் போட்டுக்கொள்வார். நம்முடைய ஆட்களில் எத்தனை பேரை நம்பி அரசாங்கம் துவக்குக் கொடுத்திருக்கிறது என்று வருகிறவன் போகிறவனை எல்லாம் கேட்பார். தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு முஸ்லிம் வீடுகளையெல்லாம் சோதனை போட்ட அந்த நாட்களில், பக்கத்து வீட்டார் இறைச்சிக் கத்தியைக்கூட எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் தவித்தபோது, வாப்பா அனுமதிப்பத்திரத்தைச் சேர்ட் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வந்த அதிகாரி கடதாசியைப் பார்த்தார், துவக்கைப் பார்த்தார், இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அதையே வாப்பா பட்டம் வாங்கியதைப் போலப் பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

துவக்கைப் பூட்டி வைக்க வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். வாப்பாவுக்குப் பூட்டில் நம்பிக்கை கிடையாது. பூட்டு விற்கிறவர் அல்லவா, எந்தப் பூட்டு எந்தக் கம்பிக்குத் திறக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் தானாக ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். துவக்கைக் கழற்றிவிடுவார். குழல் அவருடைய அலுமாரிக்குப் பின்னால். மரப்பிடி சமையலறைப் பரணில். தோட்டாக்கள் முன் அறையில், பழைய பிஸ்கட் டின்னுக்குள்.

"கள்ளன் வந்தா மூணு எடத்தையும் தேடிப் பொருத்தி முடிக்கணுமே. அது வரைக்கும் நாங்க தூங்கிட்டா ஈப்பம்?" என்பார்.

அந்த மூன்று இடமும் எங்கள் சொந்தக்காரர் எல்லாருக்கும் தெரியும். வாப்பாவே சொல்லியிருந்தார்.

எனக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. கண்டியில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். பெண் பார்க்க வந்தவர்கள் தேநீர் ஆறுவதற்குள் அதைத் தெரிந்துகொண்டு போய்விடுவார்கள். அப்படியிருக்கக் கம்பளைப் பக்கத்திலிருந்து ஓர் இடம் வந்து, பார்த்துவிட்டுப் போய், சரி என்றும் சொல்லியனுப்பியது. மாப்பிள்ளைக்குப் பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சிரித்த முகம். எனக்கும் பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று இப்போது சொன்னால் அது பொய்.

மோதிரம் போடும் நாள் குறித்தவுடன் உம்மா வீட்டைத் தலைகீழாக்கினாள். சுவருக்குப் பெயின்ட், கதவுக்கு வார்னிஷ், யன்னலுக்குப் புதுத் திரை. பெயின்ட் அடிக்க வந்தவர்கள் அலுமாரியை நகர்த்தவேண்டும் என்றார்கள். பரணையும் காலி பண்ணச் சொன்னார்கள். பெயின்ட்காரர் கண்ணில் துவக்குப் படக்கூடாது என்று உம்மா யோசித்தாள். யோசித்து, வாப்பா அத்தனை வருடமாகப் பிரித்துப் பிரித்து வைத்திருந்ததை ஒரே நாளில் ஒன்றாகச் சேர்த்தாள். குழல், பிடி, நாலைந்து தோட்டா, எல்லாவற்றையும் உம்ராவுக்குப் போனபோது வாங்கி வந்த பெரிய முஸல்லாவுக்குள் வைத்துச் சுருட்டி, உள் அறை மூலையில் சாத்திவிட்டாள்.

அந்த முஸல்லா, தொழுகைக்கு விரிப்பது, எங்கள் வீட்டில் யாரும் விரிக்காதது. அவ்வளவு நல்லது. நிறம் போய்விடும் என்று உம்மாவே அதில் தொழமாட்டாள். அல்லாஹ்வின் வீட்டிலிருந்து வந்ததை எவன் தொடுவான் என்பது அவளுடைய கணக்கு. பாதுகாப்பில் வாப்பாவுக்கு அவள் கொஞ்சமும் குறைந்தவளல்ல.

அந்த நாள் நன்றாகவே நடந்தது. முன் அறையில் ஆண்கள், உள்ளே பெண்கள். மாப்பிள்ளைக்கு உம்மா இல்லை, அதனால் மூத்த சகோதரிதான் எனக்கு மோதிரம் போட்டாள். நான் மதினி என்று கூப்பிட வேண்டியவள். மெலிந்த கை. மோதிரத்தைப் போடும்போது அபாயாவின் கை மேலே ஏறியது, மணிக்கட்டில் மஞ்சளாகிப்போன ஒரு காயம் தெரிந்தது. என்ன நடந்தது என்று கேட்டேன். கதவு பட்டது என்று சொல்லி உடனே கையை இழுத்து மூடிக்கொண்டாள்.

உம்மாவின் தங்கச்சி, என் சாச்சி, அப்போதுதான் வாப்பாவின் துவக்குப் புராணத்தை எடுத்தாள். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு தடவை அதைக் கேட்காமல் போக முடியாது.

"பயமில்லையா, ஊட்டுக்குள்ள துவக்க வெச்சிட்டு?" என்று மதினி கேட்டாள்.

"என்ன பயம்? துவக்கு ஈக்கிற ஊட்டுல ஒத்தருக்கும் பயமில்ல. மத்தவனுக்குத்தான் பயம்" என்றாள் சாச்சி. எல்லாரும் சிரித்தார்கள். மதினியும் சிரித்தாள்.

அஸர் தொழுகை நேரம் வந்தது. ஆண்கள் பள்ளிவாசலுக்கு இறங்கினார்கள். பெண்கள் உள் அறையில் தொழுதார்கள். விரிப்புப் போதாமல் ஒருவர் தொழுது முடித்ததும் அடுத்தவர் போனார். நான் போகவில்லை. முகத்தில் பூசியிருந்தது கலையும் என்று பிறகு தொழலாம் என இருந்துவிட்டேன். தொழுகை முடிந்து, தேநீர் குடித்து, மழைக்கு முன் போகவேண்டும் என்று அவர்கள் புறப்பட்டார்கள். சீர் சாமான் கொண்டு வந்த நீளப் பயணப் பையை மதினியே தூக்கிக்கொண்டாள். வெறும் பை தானே என்று ஒருவரும் கைகொடுக்கவில்லை.

சில நாள் கழித்துத் தோட்டத்தில் பன்றி புகுந்தது. பட்டப்பகலில், மரவள்ளியைக் கிளறிக்கொண்டு. வாப்பா குழலைத் தேடினார், அலுமாரிக்குப் பின்னால் புதுப் பெயின்ட் மட்டும் இருந்தது. உம்மா சிரித்துக்கொண்டே போய் மூலையில் இருந்த முஸல்லாவைத் தூக்கினாள். அது இலேசாக வந்தது. அவள் அதை விரித்து, திருப்பி, உதறிக்கூடப் பார்த்தாள். பிறகு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பன்றி ஆறுதலாகத் தின்றுவிட்டுப் போயிற்று.

முதலில் யாரைப் பிடித்தார்கள் தெரியுமா? வெங்காயம் உரிக்க வந்தவளை. பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து விசேஷங்களுக்கு வந்து சமையலறையில் உதவி செய்பவள். என் நாநா, மூத்த சகோதரன், அவளுடைய வீட்டுக்கே போய்ப் பெட்டியைக் கொட்டிப் பார்த்துவிட்டு வந்தான். மறுநாள் அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"நான் அந்த அறைக்குள்ளயே வரலைங்க. நீங்க தொழுவுற எடத்துக்கு நாங்க எதுக்குங்க வர்றோம்? எம் புள்ளைங்க முன்னாடி எல்லாத்தையும் கொட்டிட்டுப் போயிட்டாருங்க" என்றாள்.

உம்மா அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். நாநா மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் தேநீரைக் குடிக்காமல் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் அவள் வரவில்லை, எங்கள் வீட்டில் விசேஷமும் வரவில்லை.

நான் கணிதம் படிப்பிக்கிறவள். எனக்கு விடை அன்றைக்கே தெரிந்துவிட்டது. முஸல்லாவை விரிக்காமல் உள்ளே இருப்பதைக் கண்டிருக்க முடியாது. தொழுகிறவளைத் தவிர வேறு யாரும் முஸல்லாவை விரிக்கவும் மாட்டார்கள். அன்றைக்குத் தொழாமல் இருந்த பெண்கள் எல்லாரும் நிரபராதிகள். நான் உட்பட. தொழுதவர்களில் ஒருத்திதான் கள்ளி.

இதை நான் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது உம்மா காதைப் பொத்திக்கொண்டாள். "தொழுதவங்களப் பாத்து அப்பிடிச் சொல்லாத மகள், பாவம்" என்றாள். சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, வாப்பாவின் தங்கச்சி கொஞ்சம் நேரமெடுத்துத்தான் தொழுதாள் என்றாள். அந்த இரண்டு பேருக்கும் பழைய பகை. வாப்பா கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

பொலிஸுக்குப் போவோம் என்றேன். துவக்குக் காணாமல் போனால் உடனே அறிவிக்க வேண்டும் என்பது வாப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"போனா என்ன கேப்பாங்க? ஆரார் வந்த எண்டு கேப்பாங்க. சொன்னா ஜீப்பு எங்க போகும்? மாப்பிள்ள ஊட்டு வாசலுக்குப் போகும். பிறகு உனக்கு நிக்காஹ் நடக்குமா?" என்றார்.

"அந்தத் துவக்கால ஆரையும் சுட்டா?"

"அதோட, எங்கட ஆக்கள்ட ஊட்டுல துவக்குக் காணாமப் போனா, அத ஒத்தனும் களவு எண்டு எழுத மாட்டான் மகள். ஆருக்குக் குடுத்த எண்டுதான் கேப்பான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் இரண்டு காரணம் சொல்கிற மனிதனிடம் உண்மையான காரணம் ஒன்றுதான் இருக்கும். முப்பது தாண்டிய மகளுக்குக் கிடைத்த ஒரே மாப்பிள்ளை. அதைக் காப்பாற்ற அவர் துவக்கை மட்டுமல்ல, கடையையே தொலைத்திருப்பார். அந்தப் பாசத்தை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

அடுத்த வாரத்தில் ஒரு நாள், பாடசாலையில் இடைவேளை நேரம், தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு. எடுத்தேன். மதினி. மெல்லிய குரலில் கடகடவென்று சொன்னாள்.

"தங்கச்சி, உங்கட துவக்கு எங்கட ஊட்டுல ஈக்கி. நான்தான் எடுத்த. புள்ளட கட்டிலுக்குக் கீழ வெச்சீந்த. இப்ப புள்ளட வாப்பா கண்டுட்டார். அவர்ட கையில ஈக்கி."

"ஏன் மதினி எடுத்தீங்க?"

"துவக்கு ஈக்கிற ஊட்டுல பயமில்ல எண்டு உங்கட சாச்சி சொன்னாங்களே. எனக்கும் ஒண்டு ஈந்தா இவர் கையத் தூக்க மாட்டார் எண்டு நெனச்ச. பொருத்தக்கூடத் தெரியா எனக்கு. அவர்தான் பொருத்தின. இப்ப சாப்பிடக்குள்ளயும் மேசையில வெச்சிட்டு ஈக்கிறார். வந்து எடுத்துட்டுப் போங்க தங்கச்சி. பொலிஸோட வாங்க. நான் சொன்ன எண்டு மட்டும் சொல்லிப் போடாதீங்க."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினேன். நேரே வாப்பாவின் கடைக்குப் போய், ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவரைப் பின்பக்கம் கூட்டிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொலிஸோடு வரச் சொன்னாள் என்றேன். அவள் பெயர் வரக்கூடாது என்று கெஞ்சினாள் என்றும் சொன்னேன். வாப்பாவின் முகத்தில் நான் கண்டது சந்தோஷம். துவக்கு எங்கே என்று தெரிந்துவிட்டது. அதுவும் குடும்பத்துக்குள்.

"அல்ஹம்துலில்லாஹ். இதுக்கு ஏன் பொலிஸ்? நான் சம்பந்திக்கிட்ட மெதுவாக் கதச்சி எடுக்கிற" என்றார்.

"வாப்பா, அவ சொன்ன எண்டு தெரிய வாணாம்."

"எனக்குத் தெரியாதா கதைக்க?"

கடையைப் பெடியன்களிடம் விட்டுவிட்டு, சிமெந்து மூட்டைகளுக்கு நடுவே நின்று மாப்பிள்ளையின் வாப்பாவுக்கு அழைத்தார். சலாம் சொன்னார், சுகம் விசாரித்தார், மழையைப் பற்றிப் பேசினார். பிறகு, எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாக, "உங்கட மகள் ஒரு சாமான் தவறுதலாக் கொண்டு போயீக்கி போல. அவவே கோல் எடுத்துச் சொன்ன. நல்ல புள்ள" என்றார். நல்ல பிள்ளை என்று வேறு சேர்த்தார். நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கண்ணாலேயே என்னை அதட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையும் அவருடைய வாப்பாவும் வந்தார்கள். ஒரு கையில் அதே நீளப் பயணப் பை, மறு கையில் மஸ்கட் இனிப்புப் பெட்டி. பையைக் கதிரையில் வைத்தார்கள், மஸ்கட்டை மேசையில் வைத்தார்கள். சிரிப்பு, சலாம், தேநீர். மாப்பிள்ளையின் வாப்பா வெட்கப்பட்டார். மாப்பிள்ளை வெட்கப்படவில்லை.

வாப்பா பையைத் திறந்து குழலை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனார். வெடித்த குழலின் வாசம் நான் நின்ற இடத்துக்கே வந்தது.

"வெடி வெச்சா?" என்றார்.

"அது மச்சான் ஒண்டு வெச்சார், பயப்படுத்த" என்றார் மாப்பிள்ளை. "சுவருக்குத்தான். தாத்தாவ சுவரோட நிக்க வெச்சி, காதுக்குப் பக்கத்தால. நீங்க கோல் எடுத்த அண்டைக்கே. களவெடுக்கிற பழக்கம் அதோட போயீக்கும்."

தாத்தா என்று கூப்பிடும் சொந்த அக்காவைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டு மஸ்கட் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதே சிரித்த முகம்.

வாப்பா குழலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நீங்கள் கோல் எடுத்த அன்றைக்கே என்று சொன்னது அவருக்குக் கேட்டது. கேட்டதா இல்லையா என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் குனிந்து பயணப் பையின் சிப்பைத் திரும்பவும் இழுத்து மூடினார். உள்ளே ஒன்றுமில்லாத பையை.

"மதினி இப்ப எப்பிடி ஈக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"காது கொஞ்சம் நோவாம். சரியாப் போகும். நீங்க ஒண்டும் யோசிக்க வாணாம். இனி அவவ உங்கட கல்யாணத்துக்கு நாங்க கூட்டிட்டு வரவே மாட்டம்."

எனக்குச் செய்த உபகாரமாக நினைத்து அதைச் சொன்னார். நான் மோதிரத்தைக் கழற்றி மஸ்கட் பெட்டிக்குள் போட்டேன். உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து அதைப் பொறுக்கி, துடைத்து, என் கையைப் பிடித்துத் திரும்பப் போடப் பார்த்தாள். மாப்பிள்ளையின் வாப்பா, பிள்ளைக்குக் கொஞ்சம் கோபம், போகட்டும் என்றார்.

அவர்கள் போனதும் வாப்பா முதல் வேலையாகக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு வெல்டிங் கடைக்குப் போய் இரும்புப் பெட்டிக்குச் சொல்லிவிட்டு வந்தார். சுவரோடு சேர்த்து போல்ட் போடும் பெட்டி. இரண்டு பூட்டு. இரண்டும் தன் கடையிலிருந்தே, உள்ளதில் விலை கூடியவை. உம்மா தோட்டாக்களை எங்கே வைப்பது என்று கேட்டதற்கு, அதற்குள்ளேயே இன்னொரு சின்னப் பெட்டி என்றார். ஒருவரும் மதினியைப் பற்றிப் பேசவில்லை. இனி எல்லாம் பத்திரமாக இருக்கும் என்பதைப் பற்றியே பேசினார்கள்.

மறுநாள் நான் தனியாகப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். நியாயத்துக்காகப் போனேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். கோபம். அதோடு ஒரு சின்ன நப்பாசை. ஜீப் அந்த வீட்டுக்குப் போனால் அவளுடைய காதை யாராவது பார்ப்பார்கள் அல்லவா?

பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டார். துவக்கு இப்போது எங்கே? வீட்டில் என்றேன். காணாமல் போனபோது ஏன் அறிவிக்கவில்லை? என்னுடைய கல்யாணத்துக்காக என்றேன். அவர் என் வெறும் விரலைப் பார்த்தார். தேநீர் வேண்டுமா என்று கேட்டார். பிறகு ஜீப்பை அனுப்பினார். அது முதலில் போனது எங்கள் வீட்டுக்கு.

வாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். துவக்கைப் பாதுகாப்பாக வைக்காதது, களவு போனதை மறைத்தது. விசாரணை முடியும்வரை பல்லேகலச் சிறையில் விளக்கமறியல். அவர் பெருநாள் சேர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் ஜீப்பில் ஏறினார், பழக்கதோஷம். "பெத்த வாப்பாவப் புடிச்சிக் குடுத்த புள்ள" என்று உம்மா ஒப்பாரி வைத்தாள், தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அவர் உள்ளே இருந்த நாட்களில்தான் வெல்டிங் கடைக்காரர்கள் பெட்டியைக் கொண்டு வந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல உம்மாவுக்கு வாய் வரவில்லை. புதுப் பெயின்ட் அடித்த சுவரைத் துளைத்து, போல்ட் போட்டு இறுக்கிவிட்டுப் போனார்கள்.

ஜீப் மதினி வீட்டுக்கும் போயிற்று. அவள் கொடுத்த வாக்குமூலம் இதுதான். துவக்கை நான்தான் களவெடுத்தேன். என் கணவர் அதைத் தொடவில்லை. வெடித்தது தவறுதலாக, என் கையில். காதில் சின்ன வயதிலிருந்தே வருத்தம், சரியாகக் கேட்காது.

அதனால் களவுக்கு அவள்மேல் வழக்கு. அவளுடைய கணவன் சாட்சி. வெள்ளைச் சேர்ட், தொப்பி, அத்தர் வாசம். மனைவி களவெடுத்ததைக் கண்டவுடன் எவ்வளவு மனம் உடைந்தேன் என்று அவன் கூண்டில் நின்று சொன்னான். நீதவான் கேட்ட கேள்வியை மொழிபெயர்ப்பவர் அவளுடைய இடப்பக்கம் நின்று தமிழில் கேட்டார். அவள் பேசாமல் நின்றாள். இன்னொரு தரம் உரத்துக் கேட்டார். அப்போதும் பேசவில்லை. பிறகு அவர் வாய் அசைவதைக் கண்டு, தலையை முழுதாகத் திருப்பி வலக் காதைக் கொடுத்தாள். திமிர் என்று பின்னால் இருந்த யாரோ சொன்னார்கள்.

வாப்பாவுக்குத் தண்டப்பணத்தோடு முடிந்தது. அவளுக்கும் சிறை இல்லை, எச்சரித்து விட்டார்கள். துவக்கு அரசுடைமை. மாப்பிள்ளை வேறிடத்தில் கல்யாணம் முடித்தார். இரும்புப் பெட்டி எங்கள் வீட்டுச் சுவரில் இன்றும் இருக்கிறது. உம்மா அதற்குள் அந்தப் பெரிய முஸல்லாவை வைத்திருக்கிறாள். சாவி இரண்டையும் வாப்பா இடுப்புப் பெல்ட்டிலிருந்து கழற்றுவதில்லை. பன்றிகள் இஷ்டம்போல வந்து போகின்றன, அவர் யன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். சுவரோடு நிற்க வைத்தது பற்றி என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தொலைபேசியில் பேசுவதையும் குறைத்துக்கொண்டார், கடைக்கு வரும் அழைப்புகளைப் பெடியன்கள்தான் எடுக்கிறார்கள். அவரைக் கண்டால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மன்னிக்க மனம் வரவில்லை.

போன நோன்புக்கு முன், கண்டி மார்க்கெட்டில் மதினியைக் கண்டேன். இரண்டு கையிலும் மரக்கறிப் பை. நான் பக்கத்தில் போய் "மதினி" என்றேன். அவள் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இடப்பக்கம் நிற்கிறேன் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. சுற்றிக்கொண்டு மற்றப் பக்கம் போனேன். என்னைக் கண்டதும் அவள் முகத்தில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"வாப்பா எப்பிடி?" என்றாள்.

"ஈக்கிறார்."

"உங்களுக்கு இன்னம் கல்யாணம் முடியல்லயா?"

"இல்ல மதினி."

தலையாட்டினாள். ஒரு பையைக் கீழே வைத்து, கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"துவக்கு?"

"கோர்ட்டுல எடுத்துட்டாங்க. பெட்டி மட்டும்தான் ஈக்கி. இரும்புப் பெட்டி. ரெண்டு பூட்டு."

"நல்லம்" என்றாள். உண்மையாகவே நல்லது என்று நினைத்துத்தான் சொன்னாள். "அண்டைக்கும் அப்பிடிப் பூட்டியீந்தா நான் சும்மா அடிய மட்டும் வாங்கிட்டு ஈந்திருப்பன், தங்கச்சி."

மீன் கடைப் பக்கமிருந்து அவளுடைய கணவன் கூப்பிட்டான். இன்னொரு தரம், கொஞ்சம் உரத்து. மூன்றாவது தரம் கூப்பிட்டபோது மார்க்கெட்டில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கையில் மீன் பையோடு எங்களை நோக்கி வர ஆரம்பித்தான். இனியும் தாமதித்தால் வீட்டுக்குப் போய் அதற்கும் அவள்தான் அடி வாங்க வேண்டியிருக்கும்.

நான்தான் சொன்னேன். வலக் காதுக்குக் கிட்டப் போய், "மதினி, அவர் கூப்பிடுறார்" என்றேன்.

அவள் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.